பழைய பட்டு: வாளியில் முக்குவதற்கு முன்

பாட்டியின் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்த பட்டுப்புடவையை விற்கலாம் என்று முடிவானதும், பல வீடுகளில் நடக்கும் முதல் காரியம் அதை ஒரு வாளித் தண்ணீரில் முக்குவது. அடுத்தவர் கைக்குப் போகிற துணியை அழுக்கோடு கொடுப்பதா என்ற கூச்சம். கூச்சம் நியாயமானதுதான். ஆனால் நாற்பது ஐம்பது வருடப் பட்டுக்கு அந்த வாளிதான் எமன். சாயம் இறங்கும், மடிப்பில் கிழியும், பார்டர் ஒரு பக்கம் உடல் ஒரு பக்கம் என்று இழுத்துக்கொள்ளும். எந்த ஊர்த் தறி, எந்தக் காலத்துப் புடவை என்று சொல்லும் தடயங்களும் அதோடு போகும்.

கழுவாத புடவையை வாங்கியவர் தனக்குத் தெரிந்த முறையில் கழுவிக்கொள்ளலாம். கழுவிக் கெடுத்ததை யாராலும் சரிசெய்ய முடியாது. அதனால் கழுவலாமா என்று யோசிக்கும் முன் யார் வாங்கப்போகிறார் என்று யோசிப்பது நல்லது.

தெருவில் "பழைய பட்டுப்புடவை, சரிகை எடுக்கிறது" என்று வண்டியில் வருபவரும், கடைத்தெருவில் அதே வாசகத்தைப் போர்டில் எழுதி மாட்டியிருப்பவரும் வாங்குவது புடவையை அல்ல, அதிலுள்ள வெள்ளியை. சரிகையைப் பிரித்து, எரித்து, உருக்கிவிடுவார்கள். அவர்களுக்கு அழுக்கு ஒரு பொருட்டே இல்லை. அங்கே கொடுக்கப்போகிற புடவையை டிரை வாஷ் செய்வது தண்டச் செலவு. காஞ்சிபுரம் பட்டின் புவிசார் குறியீட்டுக்காக முதலில் வகுத்த அளவுப்படி சரிகையில் வெள்ளி 57 சதவீதம், தங்கம் 0.6 சதவீதம். அந்தக் கணக்குக்கு நிற்கிற சரிகை ஒரு புடவையில் 100 கிராம் இருந்தால் 57 கிராம் வெள்ளியும் அரை கிராமுக்குச் சற்று அதிகமாகத் தங்கமும் இருக்கிறது. அன்றைய வெள்ளி விலையோடு பெருக்கிப் பார்த்தால், தெருவில் கேட்கும் விலை நியாயமா என்பது புரிந்துவிடும். புடவையின் மொத்த எடையைக் காட்டி யாராவது பேரம் பேசினால் அதில் பெரும்பகுதி பட்டு நூல்தான் என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டாவது வகை, வெட்டித் தைப்பவர்கள். குழந்தைக்குப் பட்டுப்பாவாடை, ரவிக்கை, கைப்பை, மெத்தை உறை என்று மாற்றுகிறவர்கள். இவர்களுக்கு வேண்டியது கிழியாத உடல் எத்தனை மீட்டர், பார்டர் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்ற கணக்கு. ஒரு மூலையில் கறை இருந்தாலும் கவலைப்பட மாட்டார்கள். மூன்றாவது, கட்டிக்கொள்ள வாங்குபவர். இவருக்கு வாசம், கறை இரண்டும் முக்கியம். நான்காவது, சேகரிப்பவரும் அவருக்கு வாங்கிக் கொடுக்கும் வியாபாரியும். நல்ல விலை இங்கேதான். "கழுவினீங்களா? பாலிஷ் போட்டீங்களா?" என்று முதலில் கேட்பவரும் இவர்தான். ஆம் என்று சொன்னால் பாதி ஆர்வம் போய்விடும்.

தண்ணீரில் கரையும் தடயங்கள்

பழைய புடவையின் வயதை அறிய நூலைவிடக் காகிதம் உதவும். தலைப்பு முனையில் ஒட்டிய சீட்டு, கடை முத்திரை, மை ரப்பர் ஸ்டாம்ப், மடிப்புக்குள் கிடக்கும் பில் துண்டு எதையும் பிய்க்கக் கூடாது. சீட்டில் "மெட்ராஸ் ஸ்டேட்" என்று இருந்தால் அது 1969 ஜனவரிக்கு முந்தையது என்று யூகிக்கலாம். அந்த மாதம்தான் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆனது. விலை ரூபாய் அணாவில் இருந்தால் 1957க்கு முன். நயா பைசா என்று இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்ட காலம். மயிலாடுதுறை என்ற பெயர் அதிகாரபூர்வமாக வந்தது 1982இல். "மாயூரம்" என்று அச்சடித்த சீட்டு பெரும்பாலும் அதற்கு முந்தையது (வாயில் மட்டும் இன்னும் மாயவரம்தான்). ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். நாகப்பட்டினமோ மயிலாடுதுறையோ "தஞ்சாவூர் மாவட்டம்" என்று போட்டிருந்தால் 1991 பிரிவினைக்கு முன்னால் அச்சடித்ததாக இருக்கலாம். பழைய சீட்டை இரண்டு மூன்று வருடம் தீரும்வரை ஒட்டும் கடைகளும் உண்டு. அதனால் ஒரே தடயத்தை வைத்து வருடத்தை அடித்துச் சொல்ல வேண்டாம்.

எதிர்த்திசையிலும் இது வேலை செய்யும். சில்க் மார்க் சீட்டு 2004இல் வந்தது, கைத்தறி முத்திரை 2006இல். திருபுவனம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019இல். இவை தொங்கும் புடவையை "எழுபதுகளின் பட்டு" என்று விற்க முயல்பவரிடம் கேட்க வேறு கேள்வியே தேவையில்லை.

பருத்தியில் இன்னொரு தடயம், ஓரத்தில் இருக்கும் சலவைக்குறி. சேங்கொட்டை மையால் போட்ட அந்தச் சின்னக் கறுப்பு அடையாளம் எந்தச் சோப்புக்கும் போகாது, போக்கவும் கூடாது. கறை என்று நினைத்து அதன்மேல் பிளீச் ஊற்றினால் துணிதான் ஓட்டையாகும், குறி அப்படியே நிற்கும். அந்தத் துணி வெளுப்புக்குப் போயிருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

நாலு மூலையில் தடவிய மஞ்சளும் இப்படித்தான். புதுத்துணிக்கு மஞ்சள் வைத்துக் கட்டும் வழக்கம் தெரியாதவர் அதை அழுக்கு என்பார், தெரிந்தவர் கல்யாணப் புடவை என்பார். கூறைப்புடவையில் அந்த மஞ்சள் விலையைக் கூட்டும், குறைக்காது.

பிரித்துப் பார்ப்பது

கட்டில்மேல் வெள்ளைப் பருத்தித் துணி விரித்து, கையைக் கழுவித் துடைத்து, மோதிரம் வளையலைக் கழற்றிவிட்டுப் புடவையைப் பிரிக்க வேண்டும். முப்பது வருடம் ஒரே மடிப்பில் கிடந்திருந்தால் வேகமாக உதறக் கூடாது. சரிகை என்பது நூலின்மேல் சுற்றிய தட்டையான வெள்ளிக் கம்பி. ஒரே இடத்தில் வருடக்கணக்கில் மடிந்து கிடக்கும்போது அது பக்கத்துப் பட்டு இழையை அறுத்துக்கொண்டே இருக்கும். அதனால் கிழிசல் எப்போதும் மடிப்பும் பார்டரும் சந்திக்கும் இடத்தில் தொடங்கும். முதலில் அங்கே பாருங்கள்.

அடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே ஒரு முழம் ஒரு முழமாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். நைந்த இடம் கொசுவலை போலத் தெரியும். இடுப்பில் செருகும் பகுதி, தோளில் ஊக்கு குத்தும் இடம், கணுக்காலில் உரசும் அடிக்கரை இந்த மூன்றும்தான் முதலில் போகிறவை. விரலை லேசாக வைத்து இரு பக்கமும் மெல்ல இழுத்தால் "சர்" என்று பிரிகிற பட்டு எந்தச் சலவைக்கும் தாங்காது. அங்கேயே முடிவு செய்துகொள்ளலாம்: நனைக்கக் கூடாது, டிரை வாஷும் கூடாது, வெட்டித் தைப்பவருக்கோ வெள்ளிக்கோதான்.

பட்டா இல்லையா என்பதற்குத் தலைப்பு முனையிலிருந்து இரண்டு நூல் போதும். கொளுத்தினால் முடி கருகிய வாடையும், விரலில் நசுக்கினால் பொடியாகும் கறுப்புச் சாம்பலும் வந்தால் பட்டு. காகிதம் எரிந்த வாடையும் சாம்பல் நிறத் தூளும் வந்தால் பருத்தி அல்லது ரேயான். உருகி மணியாகக் கெட்டிப்பட்டால் பாலியஸ்டர். நீளவாட்டில் ஓடும் பாவு நூல், குறுக்கே ஓடும் ஊடை நூல் இரண்டையும் தனித்தனியாக எடுத்துச் சோதிக்க வேண்டும். மாயவரத்தின் கூறைநாட்டுப் புடவை பட்டும் பருத்தியும் கலந்து கட்டம் போட்டு நெய்தது. ஒரு நூலை மட்டும் கொளுத்திவிட்டுத் தீர்ப்புச் சொன்னால் தப்பாகிவிடும்.

சரிகைக்கு, ஓரத்தில் அவிழ்ந்து நிற்கும் ஒரு இழையை நகத்தால் பிரித்துப் பார்க்கலாம். உள்ளே சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறப் பட்டு நூல் இருந்தால் அசல் சரிகையாக இருக்க வாய்ப்பு அதிகம். வெள்ளை நூலும் மேலே செம்பு நிறமும் தெரிந்தால் செம்பில் முலாம் பூசியது. மினுமினுக்கும் பிளாஸ்டிக் நாடா என்றால் சொல்லவே வேண்டாம். நூலுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுவது யாருக்கும் எளிது என்பதால் இது முடிவான சோதனை இல்லை. விலை பெரிதாக இருந்தால், நகைக்கடைகளில் உலோக அளவு காட்டும் மெஷினில் வைத்துப் பார்த்துவிடுவது மேல்.

தாராளமாகச் செய்யக்கூடியது

காற்றாட விடுவது, தூசி எடுப்பது, மடிப்பை மாற்றுவது. இந்த மூன்றும் யாருக்கு விற்பதானாலும் செய்யலாம்.

காற்றாட விட நம் காவிரி டெல்டாப் பக்கம் மாதம் பார்க்க வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் பெட்டியைத் திறந்து வைப்பது ஈரத்தை உள்ளே அழைப்பது. மார்கழியில் காலைப் பனி. ஆடிக்காற்றில் ஆற்று மணலே பறந்து வரும். தை பாதிக்கு மேல் பங்குனி வரை நல்ல காலம், அதிலும் காலை பத்து மணிக்கு மேல் மாலை நாலுக்குள். நிழலில், காற்றோட்டமுள்ள அறையில், கோரைப்பாய்மேல் வெள்ளை வேட்டி விரித்து அதன்மேல் பரப்ப வேண்டும். கொடிக்கயிற்றில் போடக் கூடாது. கெட்டிச் சரிகைப் புடவையின் எடை முழுவதும் கயிறு படும் ஒரே கோட்டில் விழும், நைந்த பட்டு அங்கே பிளக்கும். கம்பிக்கொடி என்றால் துருக்கோடும் சேர்ந்துவிடும். வெயிலில் போடவே வேண்டாம். பட்டு வெயிலில் மஞ்சளிக்கும், பலமிழக்கும்.

தூசி எடுக்க வேக்யூம் கிளீனரைக் குறைந்த வேகத்தில் வைத்து, முனையில் நைலான் கொசுவலைத் துண்டைக் கட்டி, துணியிலிருந்து அரை அங்குலம் தூக்கிப் பிடித்து நகர்த்த வேண்டும். வலை இல்லாவிட்டால் அறுந்த சரிகை உள்ளே போய்விடும். வேக்யூம் இல்லாத வீட்டில் அகலமான மிருதுவான பெயின்ட் பிரஷ் போதும். நூல் போகிற திசையிலேயே தட்ட வேண்டும். மண் துகள் கண்ணாடித் தூள் மாதிரி. அது இருக்கும்போது தேய்த்தாலோ நனைத்தாலோ இழையை அறுக்கும்.

விபூதி, சந்தனம், குங்குமம் மூன்றையும் உலர்ந்தபடியே தட்டி எடுக்க வேண்டும். விபூதி காரத்தன்மை உள்ள சாம்பல். ஈரம் பட்டால் பட்டைத் தின்ன ஆரம்பிக்கும். குங்குமத்தில் தண்ணீர் பட்டால் ஒரு பொட்டு இருந்த இடம் உள்ளங்கை அகலம் ஆகும்.

அந்துருண்டை வாசத்துக்குச் சென்ட் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு வாசமும் கலந்து மூன்றாவதாக ஒன்று வரும், அவ்வளவுதான். அந்துருண்டை தானாக ஆவியாகிற பொருள். ஒரு வாரம் பத்து நாள் தினமும் சில மணி நேரம் காற்றாட விட்டால் பெரும்பகுதி போய்விடும். மீதிக்கு, மூடிய பெட்டியில் புடவையை மல் துணியில் சுற்றி வைத்து, பக்கத்தில் கரித்துண்டுகளைத் துணி முடிச்சாகக் கட்டி நாலு நாள் வைக்கலாம். கரி புடவையில் படக் கூடாது. ஒரு எச்சரிக்கை: அந்துருண்டையையும் கற்பூரத்தையும் சேர்த்துப் போட்ட பெட்டி என்றால், இரண்டும் கலந்து நம் ஊர்ச் சூட்டில் உருகி வழிந்திருக்கும். எண்ணெய்க் கறை மாதிரி தெரியும் சில திட்டுகள் உண்மையில் அதுதான். காற்றாட விட்டாலே அவை மங்கும்.

பூச்சி உயிரோடு இருந்தால் மட்டும் தயங்கக் கூடாது. அந்துப்பூச்சியின் புழு பட்டையும் கம்பளியையும் தின்னும், வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் உள்ள இடத்தை முதலில் தின்னும். புடவையைப் பருத்தித் துணியில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டு, உள்ளே காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, டேப் ஒட்டி, மைனஸ் 18 டிகிரிக்குக் கீழே போகும் டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைக்கலாம். வீட்டு ஃப்ரிட்ஜின் மேல்தட்டு பல நேரம் அந்தக் குளிருக்குப் போகாது. வெளியே எடுத்ததும் பையைத் திறந்துவிடக் கூடாது, ஒரு நாள் முழுக்க அப்படியே விட வேண்டும். அவசரப்பட்டால் ஐஸ்கிரீம் டப்பாவின்மேல் வேர்ப்பது போலப் புடவை வேர்த்து, கழுவாமலே தண்ணீர்க் கறை விழும்.

பூஞ்சணம் பூத்திருந்தால் முகக்கவசம் போட்டு, வெளித்திண்ணையில் வைத்து, நன்றாக உலர்ந்த பிறகே பிரஷால் தட்ட வேண்டும். ஈரத்தோடு தேய்த்தால் இழைக்குள் இறங்கிவிடும். தட்டிய பிறகும் நிற்கும் பழுப்புப் புள்ளிகள் போகாது. அதை விலையில் காட்ட வேண்டியதுதான்.

நம் ஊர்க் கறைகள்

வாழைக்கறையும் இளநீர்க் கறையும் எதிலும் போகாது. பந்தியில் சிந்திய பானகம், பழரசம் வேறு விதம். அன்று கண்ணுக்கே தெரியாது. சர்க்கரை துணிக்குள் தங்கி வருடக்கணக்கில் பழுத்து, இஸ்திரிச் சூடு பட்டதும் பழுப்பாக எழும்பும். நன்றாக இருந்த புடவையை டிரை வாஷுக்குக் கொடுத்தேன், கறையோடு வந்தது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது. டிரை வாஷ் திரவம் எண்ணெயைக் கரைக்கும். சர்க்கரை, வியர்வை உப்பு இரண்டையும் தொடாது. இஸ்திரிப் பெட்டியின் சூடு மீதியைச் செய்துவிடும்.

எண்ணெய், நெய் புதிதாகப் பட்டிருந்தால் வாசனையற்ற பவுடரையோ சோள மாவையோ கனமாகத் தூவி ஓர் இரவு விட்டுத் தட்டலாம். இருபது வருட விளக்கெண்ணெய் மஞ்சளாகக் கெட்டிப்பட்டிருக்கும், பவுடருக்கு அசையாது.

மஞ்சளுக்குச் சோப்புப் போட்டால் ரத்தச் சிவப்பாக மாறுவதைப் பார்த்துப் பயந்து இன்னும் தேய்ப்பார்கள். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், நன்றாக அலசினால் திரும்ப மஞ்சளாகும். பருத்தியில் இருந்தால் அலசி வெயிலில் போட, ஒன்றிரண்டு நாளில் தானே வெளுக்கும். பட்டில் அந்த வைத்தியம் கூடாது, வெயில் மஞ்சளோடு பட்டையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும்.

ஊக்குத் துருவுக்கு எலுமிச்சையும் உப்பும் தேய்ப்பது பாட்டி வைத்தியமாக உலவுகிறது. துரு ஏறிய இழை ஏற்கெனவே பாதி அரித்தது. தேய்த்தால் கறை போகும், கூடவே அந்த இடமும் போகும். ஹோமத் தீப்பொறி விழுந்த ஓட்டைகளை விற்கும் முன் தைத்து மூடவும் வேண்டாம். கைதேர்ந்தவர் போடாத ரஃபு, ஓட்டையைவிட அசிங்கமாகத் தெரியும்.

சரிகை கறுத்திருப்பது தனி விஷயம். காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து கறுப்பாகிறது. கறுத்தது என்றால் உள்ளே வெள்ளி இருக்கிறது என்பதற்கும் அது ஒரு குறிப்பு. பிளாஸ்டிக் சரிகை கறுக்காது. செம்புச் சரிகையும் கறுக்கும், சில நேரம் பச்சைப் பிடிக்கும். புளி, எலுமிச்சை, பற்பசை, சோடா உப்பு, வெள்ளிப் பாத்திரம் மினுக்கும் திரவம் எதுவும் கூடாது. மேலே இருக்கும் தங்கம் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய பூச்சு. ஒரு முறை தேய்த்தால் போய்விடும். பிறகு வெள்ளை வெள்ளியாகப் பல் இளிக்கும். பழைய சரிகையின் மங்கிய நிறத்துக்காகவே காசு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

கழுவியே ஆக வேண்டுமென்றால்

கெட்டியான பருத்திப் புடவை, வேட்டி, உள்பாவாடை, தினப்படி கட்டிய கைத்தறி இவற்றைத் தயங்காமல் கழுவலாம். பருத்தி நனைந்தால் பலம் கூடும். பட்டோ நனைந்த நிலையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பலமிழக்கும், ரேயான் அதைவிட மோசம். பட்டைத் தண்ணீரில் போடுவதற்கு எதிராக இருக்கும் முதல் காரணம் இதுதான்.

எதைக் கழுவினாலும் முதலில் சாயச் சோதனை. வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, உள்பக்க மூலையில் வைத்து இரண்டு நிமிடம் அழுத்த வேண்டும். புடவையில் எத்தனை நிறமோ அத்தனை முறை. அரக்கு பார்டரும் மாம்பழ மஞ்சள் உடலும் உள்ள புடவையில் மஞ்சளை மட்டும் சோதித்துவிட்டுத் தண்ணீரில் போடுவது வழக்கமான தவறு. அரக்கு இறங்கி ஒரு சாண் அகலத்துக்குச் செம்மை பரவும். உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்பது நம்பிக்கைதான். சோதனைத் துணியில் லேசாகச் சாயம் ஒட்டினாலே வேலையை நிறுத்த வேண்டும்.

தண்ணீரும் முக்கியம். டெல்டாவில் எல்லாத் தண்ணீரும் ஒன்றல்ல. கடலோரம் போகப் போக நிலத்தடி நீர் உப்பு. பல இடங்களில் போர் தண்ணீரில் இரும்பு. வாளியில் பிடித்து ஓர் இரவு வைத்தால் அடியில் காவியாகப் படிகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். அந்தத் தண்ணீரில் அலசிய வெள்ளைத் துணி பழுப்பேறும். கடினநீர் சோப்போடு சேர்ந்து பிசுக்காகப் படியும். குறைந்தது கடைசி அலசலுக்காவது ஆர்.ஓ. தண்ணீரோ பிடித்து வைத்த மழைநீரோ வேண்டும்.

பத்து லிட்டர் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி, அதாவது பத்து மில்லி, காரமில்லாத திரவச் சோப்பு. இருபது நிமிடம் ஊற வைத்து, கசக்காமல் கையால் அமுக்கி அமுக்கி விட வேண்டும். நுரை வராமல் போகும்வரை நாலைந்து தண்ணீரில் அலசல். தூக்கும்போது ஒரு முனையைப் பிடித்து இழுக்காமல், அடியில் பழைய போர்வையை விரித்து அதோடு சேர்த்துத் தூக்க வேண்டும். பிழியக் கூடாது, துண்டுக்குள் சுருட்டி ஈரத்தை எடுத்து, நிழலில் பரப்பி உலர்த்தலாம். கஞ்சி போட வேண்டாம். விற்கும் வரை பெட்டியில் கிடக்கப்போகிற துணிக்குக் கஞ்சி போடுவது வெள்ளிமீன் பூச்சிக்குப் பந்தி விரிப்பது.

சரிகை இல்லாத, சாயம் இறங்காத, திடமான பட்டுக்குப் பூந்திக்கொட்டை போதும். பத்துப் பன்னிரண்டு கொட்டையை விதை நீக்கி ஒரு லிட்டரில் இரவு ஊற வைத்து, கசக்கி, மெல்லிய துணியில் இருமுறை வடிகட்டி, எட்டு லிட்டரில் கலக்க வேண்டும். வடிகட்டாமல் விட்டால் பழுப்புத் துகள் ஒட்டும். வெளிர் நிறப் பட்டில் லேசாகப் பழுப்புச் சாயல் விடும் என்பதால் சந்தன நிறம், வெள்ளைக்கு வேண்டாம்.

கழுவுவதற்கு முன் ஃபால்ஸைப் பிரிக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுவார்கள். ஃபால்ஸ் துணி பருத்தி, அது பட்டைவிட அதிகமாகச் சுருங்கி அடிக்கரையைக் கொசுவி இழுக்கும். அதன் சாயமும் இறங்கும். கூறைநாட்டுப் புடவையில் பருத்தியும் பட்டும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் நேராக இருந்த கட்டம் கோணலாகும். என்னைக் கேட்டால் அதைத் தண்ணீர் காட்டாமலே விற்பது நல்லது.

டிரை வாஷ் கொடுப்பது, கட்டிக்கொள்ள வாங்குபவருக்கு, திடமான புடவைக்கு, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மட்டும். கொடுக்கும்போது ஸ்டீம் வேண்டாம், ஸ்டார்ச் வேண்டாம், ரோல் பிரஸ் வேண்டாம் என்று சீட்டிலேயே எழுதச் சொல்ல வேண்டும். டோக்கனை ஸ்டேப்ளர் அடிக்காமல் நூலில் கட்டச் சொல்லுங்கள். பழைய பட்டில் அந்தச் சின்னக் கம்பி இரண்டு ஓட்டையும் ஒரு துருப்புள்ளியும் விட்டுப்போகும். பாலிஷ் போடுவது மட்டும் எந்த நிலையிலும் வேண்டாம். பசை போட்டு அழுத்திப் பளபளப்பாக்கினால் நைந்த இடம் ஒரு மாதம் தெரியாது, பிறகு தெரியும். வாங்கியவர் அதை ஏமாற்று என்றுதான் எடுத்துக்கொள்வார்.

தொடவே கூடாதவை

பெட்டியில் கிடைத்தது பருத்தியில் சரிகை நெய்து, அதன்மேல் கையால் மெழுகு எழுதிச் சாயம் ஏற்றிய துணி என்றால் அங்கேயே நிறுத்துங்கள். தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காக நெய்த கோடாலிக்கருப்பூர்ப் புடவை அந்த முறையில் செய்யப்பட்டது. கொள்ளிடத்துக்கு வடகரையில், இப்போது அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது அந்த ஊர். அசல் துண்டு வீட்டுப் பெட்டியில் அகப்படுவது அபூர்வம். ஆனாலும் சந்தேகம் வந்தால் தூசிகூடத் தட்டாமல் துணி அருங்காட்சியகத்திலோ பாதுகாப்பு நிபுணரிடமோ காட்டுவதுதான் வழி. கோயில் தொம்பை (உருளையாகத் தொங்கவிடும் துணி), விதானம், தோரணத் துணிகளிலும் அதே எச்சரிக்கை. கருப்பூர் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு வந்த பிறகு பழைய துண்டுகளைத் தேடுபவர்கள் உண்டு, ஆனால் கலம்காரிச் சாயத்துக்கு வாளித் தண்ணீர் ஆகாது.

நூறு வருடம் கடந்த கைவினைப் பொருள் 1972ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. இணையத்தில் விற்கிறவர்கள் அமெரிக்காவிலிருந்து நல்ல விலை வருகிறது என்று பார்சல் கட்டும் முன் இதை யோசிக்க வேண்டும்.

விளம்பரத்தில் எழுதுவது

கழுவாமல் விற்கும்போது வார்த்தைதான் சலவை. "நல்ல கண்டிஷன்" என்று எழுதுவதில் ஒன்றும் இல்லை. நீளம், அகலம், எடை மூன்றையும் அளந்து போடுங்கள். மடிசார் என்றால் ஒன்பது கஜம், சுமார் 8.2 மீட்டர், ஓரம் வெட்டியிருந்தால் அதைச் சொல்லுங்கள். படங்கள் காலை வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல்: முழு உடல், தலைப்பு, இரு பார்டர், பின்பக்கம், ஒவ்வொரு கறையும் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தோடு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்த நைந்த இடம், சீட்டு. கறையை மறைத்து எடுத்த பத்துப் படத்தைவிடக் கறையைக் காட்டும் ஒரு படம் வாங்குபவரின் சந்தேகத்தைக் குறைக்கும். விலை பேசும்போது அவர் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றும் இருக்காது.

கழுவித் தரச் சொல்லிக் கேட்பவர் வந்தால், முழுப் பணம் வந்த பிறகு, அவர் செலவில், சாயம் இறங்கினால் பொறுப்பு அவருடையது என்று எழுத்தில் ஒத்துக்கொண்டால் மட்டும் கொடுங்கள். பெரும்பாலும் அந்த நிபந்தனையைக் கேட்டதும் "அப்படியே அனுப்புங்க" என்பார்கள்.

பார்சலுக்குப் பழைய மடிப்பைக் கலைத்து, மடிப்புகளுக்குள் சுருட்டிய மல் துணியை வைத்து, வெள்ளைக் காடாத்துணியில் சுற்ற வேண்டும். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். பாலிதீன் உறை மழைக்காகப் பயணத்துக்கு மட்டும். உள்ளே ஒரு சீட்டு: "கழுவவில்லை. பத்து நாள் நிழலில் காற்றாட விட்டது. அந்துருண்டை வாசம் கொஞ்சம் இருக்கிறது. ஃபால்ஸ் பழையது, பிரிக்கவில்லை. வந்த அன்றே பாலிதீனிலிருந்து எடுத்துவிடவும்."